பூவின் நிறம் வேறானால் சிற்றினமும் வேறா? பிம்பர்னெல் செடி சொல்லும் பதில்

ஐரோப்பாவில் வயலோரம், தோட்டம், பாதையோரம் என்று மண்ணைக் கிளறிப் போட்ட இடத்திலெல்லாம் முளைத்துவிடும் சின்னக் களைச்செடி ஒன்று உண்டு. பிம்பர்னெல் என்பார்கள். தரையோடு படர்ந்து கிடக்கும். தண்டை விரலில் உருட்டினால் நான்கு பட்டைகள் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டு. இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் கரும்புள்ளிகள். இலைக்கக்கத்திலிருந்து மெல்லிய காம்பு நீண்டு, அதன் நுனியில் விரல்நகம் அளவில் ஒரே ஒரு பூ. பிரிட்டனில் அந்தப் பூ பெரும்பாலும் செங்கல் சிவப்பு. தெற்கு ஸ்பெயினுக்குப் போனால் கண்ணைப் பறிக்கும் அடர்நீலம் அதிகம்.

இரண்டையும் ஒரே சிற்றினம் என்றுதான் பெரும்பாலான தாவரவியல் நூல்கள் எழுதிவந்தன. பெயர் லைசிமாக்கியா ஆர்வென்சிஸ். பழைய நூல்களில் அனகாலிஸ் ஆர்வென்சிஸ் என்று இருக்கும். 2022-ல், ஸ்பெயினின் செவில்லே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இடம்பெற்ற ஆய்வுக்குழு ஒன்று, இவை தனித்தனிச் சிற்றினங்கள் என்று எழுதியது. சிவப்பு, பழைய பெயரையே வைத்துக்கொண்டது. நீலத்துக்கு லைசிமாக்கியா லோஃப்லிங்கியை என்று புதுப்பெயர் வந்தது.

இதைக் கேட்டதும் நம்மில் பலருக்குச் சந்தேகம் வரும். வரவும் வேண்டும். பூவின் நிறம் வேறு என்பதற்காக ஒரு செடியை இரண்டாக்கலாமா? அப்படியானால் வெள்ளைச் சங்குப்பூவும் நீலச் சங்குப்பூவும் வேறு வேறா?

இல்லை. சங்குப்பூ வெள்ளையானாலும் நீலமானாலும் கிளிட்டோரியா டெர்னேட்டியா என்ற ஒரே சிற்றினம்தான். வெள்ளெருக்குக்கு நம் ஊரில் எவ்வளவு மதிப்பு! அதன் வேரில் பிள்ளையார் செய்து வைக்கிறோம். ஆனாலும் தாவரவியலில் அது, ஊதாப் பூ பூக்கும் சாதாரண எருக்கின் வெள்ளை வடிவம் மட்டுமே. இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. வெள்ளைக் கரிசலாங்கண்ணி, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று ஒரே பெயருக்கு முன்னால் நிறத்தை மட்டும் மாற்றிச் சொல்கிறோம் அல்லவா? அவை இரண்டும் ஒரே சிற்றினம் இல்லை, ஒரே பேரினமும் இல்லை. வெள்ளை, எக்லிப்டா பேரினத்தைச் சேர்ந்தது. மஞ்சள், ஸ்பாக்னெட்டிகோலா பேரினத்தைச் சேர்ந்தது. ஆக, நிறம் வேறு என்ற ஒரு தகவலை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் சாய முடியாது. நிறத்தோடு கூடவே வேறு என்னென்ன வேறுபடுகின்றன என்று பார்த்தாக வேண்டும். பிம்பர்னெல் விஷயத்தில் ஆராய்ச்சியாளர்கள் செய்ததும் அதைத்தான்.

நிறத்தின் மீதான இந்த அவநம்பிக்கை பழையது. தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், நிறத்தை நம்பிச் சிற்றினம் பிரிக்காதே என்று தம் காலத்துத் தாவரவியலாளர்களை எச்சரித்தார். அவர் காலத்தில் தோட்டக்காரர்கள் வளர்த்த டியூலிப்பிலும் கார்னேஷனிலும் நிறத்துக்கு நிறம் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். அதற்குக் கடிவாளம் தேவைப்பட்டது. நிறம் எளிதில் மாறக்கூடியது என்பதும் உண்மை. நிறமி உண்டாகும் பாதையில் ஒரே ஒரு மரபணு வேலை செய்யாமல் போனால்கூட நீலப் பூ வெள்ளையாகிவிடும். செடியின் மற்ற எதுவும் மாறியிருக்காது.

சிற்றினம் என்று எதைச் சொல்கிறோம்?

பள்ளிக்கூடத்தில் படித்த வரையறை நினைவிருக்கலாம்: தமக்குள் இனப்பெருக்கம் செய்து, வளமான சந்ததியைத் தரக்கூடிய உயிர்களின் கூட்டம் ஒரு சிற்றினம். உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942-ல் வலியுறுத்திய கருத்து இது. விலங்குகளுக்கு ஓரளவு பொருந்தும். தாவரங்கள் இந்த வரையறைக்குள் அடங்க மறுக்கும். வேறு வேறு சிற்றினச் செடிகள் தாராளமாகக் கலப்பதும் உண்டு. ஒரே செடி தன் மகரந்தத்தாலேயே தானே விதை பிடித்துக்கொள்வதும் உண்டு.

அதனால் இன்று தாவரவியலாளர்கள் பல கோணங்களில் பார்க்கிறார்கள். வடிவத்தில் நிலையான வேறுபாடு இருக்கிறதா? அருகருகே வளர்ந்தாலும் மரபணுக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாமல் தடைபடுகின்றனவா? பரம்பரையைப் பின்னோக்கித் தேடினால் ஒவ்வொரு கூட்டமும் தனக்கென ஒரு கிளையில் வந்து சேர்கிறதா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே திசையில் பதில் வந்தால் பிரிப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. நிறத்துக்கு மட்டும் ஆம் என்று வந்து, மற்றவற்றுக்கு இல்லை என்று வந்தால் அது சங்குப்பூ மாதிரி, விட்டுவிட வேண்டியதுதான்.

ஈராயிரம் ஆண்டுப் பழைய கேள்வி

சிவப்பு, நீலம் என்று பிம்பர்னெல்லில் இரண்டு வகை உண்டு என்பதை 2022-ல் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் தம் மூலிகை நூலிலேயே அனகாலிஸ் இரண்டு வகை என்கிறார்: சிவப்புப் பூ பூப்பது ஆண், நீலப் பூ பூப்பது பெண். உண்மையில் ஒவ்வொரு பூவிலும் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. அந்தக் கால வழக்கப்படி அப்படிப் பிரித்தார்கள். 1753-ல் லின்னேயஸ் அனகாலிஸ் ஆர்வென்சிஸ் என்று பெயர் சூட்டினார். 1768-ல் லண்டன் தோட்டக்கலை அறிஞர் பிலிப் மில்லர் ஒரு நீலப்பூச் செடியைத் தனிச் சிற்றினமாக்கி, அந்தப் பழைய ‘பெண்’ வழக்கை ஒட்டி அனகாலிஸ் ஃபெமினா என்று பெயரிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. ஜெர்மனியில் கார்ல் ஃப்ரீட்ரிக் ஃபான் கேர்ட்னர் என்பவர் ஆயிரக்கணக்கான செடிகளைக் கையால் கலப்பு செய்து பார்த்தவர். சிவப்பு பிம்பர்னெல்லின் மகரந்தத்தை நீலத்துக்கும், நீலத்தினுடையதைச் சிவப்புக்கும் வைத்துப் பார்த்தார். பயனில்லை, முற்றிலும் மலட்டுத்தன்மை என்று எழுதிவைத்தார். 1859-ல் சார்ல்ஸ் டார்வின் தம் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இந்தச் சோதனையை எடுத்துப் பேசினார். கேர்ட்னர் சொல்வது சரி என்று அவர் ஏற்கவில்லை. சிறந்த தாவரவியலாளர்கள் பலர் இந்த இரண்டையும் ஒரே சிற்றினத்தின் வகைகள் என்கிறார்களே, அவையே கேர்ட்னரிடம் மலடாகிவிட்டன என்றால், மற்றச் சிற்றினங்களைக் கலந்தபோது அவர் கண்ட மலட்டுத்தன்மையையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டார்.

டார்வினின் கேள்வி அன்றைய நிலையில் நியாயமானது. வல்லுநர்களின் வகைப்பாட்டை அடிப்படையாக வைத்து, சோதனையைச் சந்தேகித்தார். ஆனால் அங்கே ஆட்டம் கண்டிருந்தது வகைப்பாடுதான். ஃபெமினா தனிச் சிற்றினம் என்பதை இன்று பரவலாக ஏற்றிருக்கிறார்கள். சிவப்போடு அதைக் கலந்தால் வரும் கலப்பினம் பெரும்பாலும் மலடு.

அத்தோடு கதை முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆனால் நீலம் அனைத்தும் ஃபெமினா இல்லை. ஒரு கைலென்ஸ் எடுத்து இதழின் ஓரத்தைப் பார்த்தால் இது புரியும். சிவப்பு பிம்பர்னெல்லின் இதழோரம் முழுக்க நுண்ணிய சுரப்பித் தூவிகள் நெருக்கமாக விளிம்பு கட்டி நிற்கும். நுனியில் குமிழ் வைத்த அந்தத் தூவி ஒவ்வொன்றிலும் மூன்று செல்கள். ஃபெமினாவின் இதழ் சற்றுக் குறுகலானது. பக்கத்து இதழ்மேல் படியாமல் இடைவெளி விட்டு நிற்கும். அதன் ஓரத்தில் தூவி அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருக்கும், ஒவ்வொன்றிலும் நான்கு செல்கள். இந்த அடையாளத்தோடு மத்தியதரைக் கடலோரத்து நீலப் பூக்களைச் சோதித்தால், ஏராளமானவற்றில் சிவப்பில் இருப்பது போலவே இதழ்கள் அகலமாகவும் தூவிகள் நெருக்கமாகவும் இருக்கும். பார்வைக்கு எல்லாம் சிவப்பு மாதிரி, நிறம் மட்டும் நீலம். ஆகவே அவற்றை ஆர்வென்சிஸின் நிறவேறுபாடு என்று ஒதுக்கிவைத்தார்கள். 2022-ல் தனிச் சிற்றினமானவை இவைதான்.

நிறத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இரண்டு நிறங்களும் ஆந்தோசயனின் என்ற ஒரே நிறமிக் குடும்பத்தில் பிறப்பவை. சிவப்புப் பூவில் இருப்பது பெலார்கோனிடின் வகை. நீலப் பூவில் மால்விடின் வகை. செடி ஒரு கட்டம் வரை இரண்டையும் ஒரே வழியில் தயாரிக்கிறது. பிறகு ஒரு கிளைப்பிரிவில் எந்த நொதி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது. வேதியியலில் இது சிறிய மாற்றம். அதனால்தான் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை.

பூவைத் தேடி வரும் தேனீக்குத்தான் அது பெரிய மாற்றம். தேனீயின் கண்ணில் புறஊதா, நீலம், பச்சை ஆகியவற்றுக்கு உணர்வான்கள் உண்டு. சிவப்புக்குத் தனியாகக் கிடையாது. பிம்பர்னெல் பூவில் தேன் இல்லை. மகரந்தத்துக்காக மட்டுமே பூச்சி வரவேண்டும். இரண்டு நிறமும் கலந்து வளரும் இடங்களில் செவில்லே குழுவினர் கவனித்தபோது, தேனீக்கள் நீலத்தையே அதிகம் நாடின. சிவப்புக்கு வருகை குறைவு.

அப்படியானால் சிவப்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது? தன்மகரந்தச் சேர்க்கையால். பிம்பர்னெல் பூ வெயில் ஏறியதும் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். மேகம் கவிந்தால் முன்னதாகவே மூடிவிடும் என்பதால் ஆங்கிலேயக் கிராமத்தார் அதை ஏழைகளின் வானிலைக் கருவி என்று அழைத்தார்கள். இதழ்கள் மூடும்போது மகரந்தப் பைகள் சூலகமுடியோடு உரசும். பூச்சியே வராவிட்டாலும் விதை பிடித்துவிடும். மத்தியதரைப் பகுதியில் சிவப்புச் செடிகள் பிழைத்திருப்பது பெரும்பாலும் இப்படித்தான் என்று அதே குழு 2020-ல் எழுதியது. தன்மகரந்தச் சேர்க்கையில் சந்ததியின் வீரியம் குறையும் என்ற இழப்பு உண்டு. அதையும் தாங்கிக்கொண்டு சிவப்பு நிற்கிறது.

இதில் ஒரு முக்கியமான விளைவு இருக்கிறது. தேனீ நீலத்திலிருந்து நீலத்துக்குப் போகிறது. சிவப்பு தனக்குத் தானே சேர்க்கை செய்துகொள்கிறது. இரண்டும் ஒரே வயலில் முழங்கை தூரத்தில் நின்றாலும் மகரந்தம் அதிகம் மாறிப்போவதில்லை. தப்பித்தவறிக் கலந்தால் வெளிறிய ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் சேர்ந்த ஒரு நிறத்தில் கலப்பினப் பூ வரும். கலப்பினங்கள் இருக்கின்றன, ஆனால் அவை பெருகி இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கிவிடவில்லை.

தட்பவெப்பமும் இதே கோட்டில்தான் பிரிகிறது. வெப்பம் கூடி, வெயில் கூடி, மழை குறையக் குறைய நீலத்தின் பங்கு ஏறுகிறது. குளிர்ந்த, ஈரமான வடக்கே சிவப்பு ஆதிக்கம் செலுத்துகிறது. பிரிட்டனில் நீலப் பூவைக் கண்டால் ஆட்கள் நின்று படம் எடுப்பார்கள்.

டிஎன்ஏ என்ன சொன்னது?

இவ்வளவும் இருந்தும், ஒரே சிற்றினத்துக்குள் உள்ள இரண்டு வடிவங்கள், ஒன்று வெயிலுக்கு ஏற்றது, மற்றொன்று குளிருக்கு ஏற்றது என்று வாதிட இடம் இருந்தது. அதைத் தீர்க்கப் பரம்பரையைப் பார்க்க வேண்டும்.

யோசனை எளிது. நிறம் வெறும் மேற்பூச்சு என்றால், ஓர் ஊரின் சிவப்புச் செடியும் அதே ஊரின் நீலச் செடியும்தான் நெருங்கிய சொந்தமாக இருக்கும். அக்கம்பக்கத்தில் வளர்ந்து தலைமுறை தலைமுறையாகக் கலந்திருக்கும் அல்லவா? நிறம் ஒரு பழைய பிரிவின் அடையாளம் என்றால், ஓர் ஊரின் சிவப்புக்கு வேறு நாட்டுச் சிவப்புதான் நெருங்கிய சொந்தமாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் நீலம் தூரத்துச் சொந்தமாகத் தெரியும்.

பூக்கும் தாவரங்கள் அனைத்துக்கும் பொதுவாக, 353 மரபணுக்களைக் குறிவைத்துப் பிடிக்கும் ஒரு கருவித்தொகுப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தி இந்தச் செடிகளின் உட்கரு மரபணுக்களைப் படித்தார்கள். பசுங்கணிக டிஎன்ஏவையும் சேர்த்துக்கொண்டார்கள். கிடைத்த பரம்பரை மரத்தில் செடிகள் நிறத்தின்படியே பிரிந்தன: சிவப்பெல்லாம் ஒரு கிளையில், நீலமெல்லாம் வேறொரு கிளையில். அருகிலுள்ள மற்றோர் உறவுச் சிற்றினமான லைசிமாக்கியா மொனெல்லியிலும் இதே கதைதான். அதன் சிவப்புச் செடிகள் தனியாகப் பிரிந்து லைசிமாக்கியா கொல்லினா ஆயின.

நிறமியை உண்டாக்கும் மரபணு மட்டும் பிரிந்து நின்றிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நிறத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத நூற்றுக்கணக்கான மரபணுக்களும் அதே கோட்டில் பிரிகின்றன என்பதுதான் இந்த முடிவின் பலம்.

இது ஏன் முக்கியம் என்று புரிய, பிரென்னீஸ் மலையில் வளரும் ஸ்னாப்டிராகன் செடியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்பெயினின் காட்டலோனியாவில் ஒரு பள்ளத்தாக்கில், ஒரு பக்கத்திலிருந்து மஞ்சள் பூச் செடிகளும் மறுபக்கத்திலிருந்து கருஞ்சிவப்புப் பூச் செடிகளும் வந்து சந்திக்கின்றன. சந்திக்கும் இடத்தில் ஆரஞ்சு, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று விதவிதமான கலப்பினங்கள். மரபணுவைப் படித்துப் பார்த்தால், நிறத்தைத் தீர்மானிக்கும் சில இடங்களில் மட்டும் கூர்மையான வேறுபாடு தெரிகிறது. மீதி மரபணுத்தொகுதியில் பெரும்பகுதி இரு பக்கமும் தாராளமாகக் கலந்திருக்கிறது. கண்ணுக்குப் பிம்பர்னெல்லைவிடப் பெரிய நிறவேறுபாடு. உள்ளே பார்த்தால் பிரிவே மெல்லியது. ஆகவே அவை ஒரே சிற்றினத்தின் துணைச் சிற்றினங்களாகவே வைக்கப்பட்டுள்ளன. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நிறம் பிரிவின் அடையாளமாக மட்டும் இல்லாமல், பிரிவுக்குக் காரணமாகவும் இருக்க முடியும். அமெரிக்காவின் மங்கிஃப்ளவர் செடிகளில் ஒரு சிற்றினம் இளஞ்சிவப்பு, வண்டுத்தேனீக்கள் வரும். அதன் உறவு சிவப்பு. தேன்சிட்டு போன்ற ஹம்மிங்பறவைகள் வரும். நிறத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே ஒரு மரபணு இடத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வளர்த்துப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான அந்த முடிவின்படி, இளஞ்சிவப்புச் செடியின் பூ மஞ்சளாரஞ்சாக மாறியபோது ஹம்மிங்பறவைகளின் வருகை 68 மடங்கு கூடியது. சிவப்புச் செடி அடர் இளஞ்சிவப்பானபோது வண்டுத்தேனீக்களின் வருகை 74 மடங்கு கூடியது. விருந்தாளி மாறினால் மகரந்தத்தின் போக்கும் மாறும். நாளடைவில் பரம்பரையும் பிரியலாம்.

பெயர் யாருக்கு?

ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரியும்போது பழைய பெயர் எந்தப் பாதிக்குப் போகும் என்பதற்கு விதி இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் அடையாளமாக ஒரு மாதிரிச் செடி உலர்த்தி வைக்கப்பட்டிருக்கும், அல்லது ஒரு படம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த மாதிரி எந்தப் பாதியில் விழுகிறதோ, பெயர் அங்கேயே தங்கும். எது அதிகம், எது அழகு என்பதற்கெல்லாம் இடமில்லை. ஆர்வென்சிஸ் சிவப்போடு தங்கியது. நீலத்தின் பெயரில் நினைவுகூரப்படுபவர் லின்னேயஸின் மாணவர் பேர் லோஃப்லிங். 1751-ல் ஸ்பெயினுக்குப் போய் அங்குள்ள செடிகளைச் சேகரித்து ஆசிரியருக்கு எழுதியவர். பிறகு தென் அமெரிக்கப் பயணத்தில், இன்றைய வெனிசுவேலாவில், 1756-ல் 27 வயதிலேயே இறந்துபோனார். ஸ்பெயினின் வயல்களை நீலமாக்கும் பூவுக்கு அவர் பெயர் வந்தது எனக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது.

பிரிவினையால் நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. நிறம் குறிக்காமல் ஆர்வென்சிஸ் என்று மட்டும் எழுதிவைத்த பழைய பதிவுகளை இனி எந்தப் பக்கம் சேர்ப்பது? ஹெர்பேரியம் எனப்படும் உலர்செடித் தொகுப்பின் தாளில் ஒட்டி உலர்த்திய பூவில் நிறம் மங்கிப்போயிருக்கும். சேகரித்தவர் ஓரத்தில் நீலம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் அந்த ஏடு பிழைத்தது.

இந்தியாவிலும் இந்தச் செடி உண்டு. வடக்கே கோதுமை வயல்களில் குளிர்காலக் களை. தெற்கே நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில் புல்வெளியிலும் தோட்டப் பாத்திகளிலும் காணலாம். நம் நாட்டில் கண்ணில் படுவது பெரும்பாலும் நீலம்தான். ஊட்டிப் பக்கம் போகும்போது கண்டால் பறிக்க வேண்டாம், படம் எடுங்கள். செடி முழுவதும் தெரிய ஒன்று. இலையின் அடிப்பக்கம் ஒன்று. பூவை நேர் மேலிருந்து, இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று தெரியும்படி ஒன்று. கைபேசியின் கேமராவுக்கு முன்னால் ஒரு கைலென்ஸை வைத்து இதழோரத்தையும் எடுத்துவிட்டால், தூவி நெருக்கமா அரிதா என்பது படத்திலேயே தெரிந்துவிடும். காலை 9 மணிக்குமேல் வெயில் இருக்கும்போது போங்கள். மூடம் போட்ட நாளில் பூ விரிந்திருக்காது.